மாடலில் எழுதிய உறவு தரவுத்தளத்துக்குத் தெரியுமா? ஃபாரின் கீ, அடியிலிருந்து

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடகை நூலகத்துக்குச் சின்னதாக ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர், புத்தகம், இரவல், அபராதம் என்று முக்கியமாக நான்கு டேபிள். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை இரவல் பட்டியலைத் திறந்தால் வெறும் 500 பிழை, அதாவது சர்வருக்குள் ஏதோ கோளாறு. தேடிப் பார்த்ததில், 212ஆம் எண் உறுப்பினர் எடுத்த புத்தகங்கள் இரவல் டேபிளில் இருந்தன. 212ஆம் எண் உறுப்பினர்தான் இல்லை. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறார் என்று நினைத்த கடைப் பெண், டேபிள்களை நேரடியாகத் திறந்து மாற்றவிடும் பிஎச்பிமைஅட்மினுக்குள் போய் ஒன்றை நீக்கிவிட்டார். இல்லாத ஆளிடம் பெயர் கேட்டுப் போன பக்கம் விழுந்துவிட்டது.

அவர் மேல் தப்பில்லை, நீக்க விட்டது நான். நான் பயன்படுத்திய லாராவெல் ஃப்ரேம்வொர்க்கில், டேபிளைக் கோடில் குறிக்கும் மாடல் ஃபைலில் ‘இந்த இரவல் ஒரு உறுப்பினருக்குச் சொந்தம்’ என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பூட்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது பூட்டு இல்லை, கதவில் ஒட்டிய பெயர்ப்பலகை. மாடலில் இருக்கும் உறவு உங்கள் கோடுக்கு மட்டும்தான் தெரியும். தரவுத்தளத்துக்கு அப்படி ஒரு உறவு இருப்பதே தெரியாது. தெரியப்படுத்தும் வேலையைச் செய்வது ஃபாரின் கீ.

சேய் டேபிளில் (இங்கே இரவல்) ஒரு எண் இருந்தால், அதே எண் அது சுட்டும் தாய் டேபிளில் (உறுப்பினர்) இருந்தே ஆக வேண்டும். விதி அவ்வளவுதான். ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலேயே ஃபாரின் கீ என்ற சொல் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் இதில் வழுக்கி விழுகிறோம் என்றால், விதி கடினம் என்பதால் அல்ல. ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதால்.

முதல் படி: உங்கள் டேபிளைக் கண்ணால் பாருங்கள்

ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், எந்த ஃப்ரேம்வொர்க்காக இருந்தாலும், டேபிளை உண்டாக்கும், மாற்றும் மைக்ரேஷன் ஓடி முடிந்ததும் தரவுத்தளத்துக்குள் நேராகப் போங்கள். போஸ்ட்கிரஸ் என்றால் அதன் கமாண்ட் லைனில் பேக்ஸ்லாஷ், டி, டேபிள் பெயர். மைஎஸ்க்யூஎல் என்றால் ‘ஷோ கிரியேட் டேபிள்’. எஸ்க்யூலைட் என்றால் ‘டாட் ஸ்கீமா’. வருகிற விவரத்தில் ‘ஃபாரின் கீ’ அல்லது ‘ரெஃபரன்சஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பூட்டும் இல்லை.

ஜாங்கோவில் ‘ஃபாரின்கீ’ ஃபீல்டு போட்டால் மைக்ரேஷன் உண்மையான ஃபாரின் கீயையும், அதற்கு, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸையும் சேர்த்தே உண்டாக்கிவிடும். வேண்டாம் என்று நீங்களாக அணைத்தால்தான் போகும். மூன்றில் இதுதான் நல்ல பிள்ளை.

ரெயில்ஸ் வேறு மாதிரி. மாடலில் ‘பிலாங்ஸ் டூ’ எழுதுவதால் டேபிளில் எதுவும் மாறாது. மைக்ரேஷனில் ‘ரெஃபரன்சஸ்’ வரியில் ‘ஃபாரின் கீ: ட்ரூ’ என்று சேர்த்தால்தான் பூட்டு விழும். தரவுத்தளத்தை வெறும் கிடங்காக வைத்துக்கொண்டு விதிகளை எல்லாம் மாடலில் எழுதுவது ரெயில்ஸ்காரர்களின் பழைய வழக்கம். ஃபாரின் கீ வசதியே 2014 டிசம்பரில் வந்த 4.2 பதிப்பில்தான் ரெயில்ஸுக்குள் சேர்ந்தது. அதற்கு முன் ஜெம் எனும் தனி ரூபி துணைத்தொகுப்பு ஒன்றை இழுத்து வர வேண்டும். அதனால் பழைய ரெயில்ஸ் அப்ளிகேஷன் எதையாவது பராமரிக்க உங்களிடம் கொடுத்தால், ஃபாரின் கீ இல்லை என்று எடுத்துக்கொண்டே பார்க்க ஆரம்பியுங்கள்.

லாராவெலில் ‘ஃபாரின்ஐடி’ என்று எழுதினால் கிடைப்பது ஒரு பெரிய எண் ஃபீல்டு மட்டும். பெயரில் ஃபாரின் இருக்கிறதே என்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அதன் பின்னால் ‘கன்ஸ்ட்ரெயின்டு’ என்று தொடுத்தால்தான் பூட்டு. ஃபீல்டு காலியாக இருக்கலாம் என்னும் ‘நல்லபிள்’ வேண்டுமென்றால் அதைக் ‘கன்ஸ்ட்ரெயின்டு’க்கு முன்னால் எழுதுங்கள், பின்னால் எழுதினால் ஃபீல்டுக்குப் போய்ச் சேராது.

பார்த்ததோடு விடாமல் ஒரு சோதனையும் செய்யுங்கள். இல்லாத ஒரு உறுப்பினர் எண்ணை, 99999 என்று வைத்துக்கொள்வோம், இரவல் டேபிளில் நேரடி எஸ்க்யூஎல்லில் நுழைத்துப் பாருங்கள். போஸ்ட்கிரஸ் 23503 என்ற குறியோடு மறுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் 1452 என்று சொல்லும். எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டால் எங்கோ ஓட்டை. நான் பார்த்தவரை ஓட்டை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று:

மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் ‘மைஐசாம்’ என்ற சேமிப்பு எஞ்சினில் இருக்கிறது. அந்த எஞ்சின் ஃபாரின் கீ வரியைப் படிக்கும், தலையாட்டும், தூக்கிப் போட்டுவிடும். 5.5 பதிப்பிலிருந்து ‘இன்னோடிபி’தான் இயல்பு, ஆனாலும் பழைய டம்ப்பிலிருந்து (தரவுத்தள நகல்) ஏற்றிய டேபிள்கள் பழைய எஞ்சினோடேயே வந்து உட்காரும்.

எஸ்க்யூலைட்டில் 2009இலேயே ஃபாரின் கீ வந்துவிட்டது என்றாலும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் ‘பிராக்மா ஃபாரின் கீஸ்’ என்பதை ஆன் செய்யாவிட்டால் சரிபார்க்காது. ஜாங்கோ 2.0 முதல் அதைத் தானே செய்கிறது. ஃப்ளாஸ்க்கோடு எஸ்க்யூஎல்ஆல்கெமி வைத்திருப்பவர்கள், கனெக்‌ஷன் திறக்கும்போது ஆன் செய்யும் சின்ன ஃபங்‌ஷன் ஒன்றைத் தாங்களே எழுத வேண்டும். அதை மறந்துவிட்டு ‘என் லேப்டாப்பில் ஓடியதே’ என்று சர்வரில் போய் முழிப்பவர்கள் நிறைய.

கோடில் சரிபார்த்தால் போதாதா?

புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. இரவலைச் சேமிக்கும் முன் ‘இந்த உறுப்பினர் இருக்கிறாரா’ என்று ஒரு கொயரி போட்டுப் பார்க்கலாமே?

பாருங்கள், தப்பில்லை. ஆனால் இதையும் யோசியுங்கள். கவுண்டரில் இருப்பவர் இரவல் பதிகிறார். கோடு ‘உறுப்பினர் இருக்கிறார்’ என்று உறுதி செய்கிறது. அதே நொடியில் உள்ளறையில் மேலாளர் அந்த உறுப்பினரை நீக்குகிறார். அவருக்கு ஓடும் கோடு ‘இரவல் எதுவும் இல்லை’ என்று உறுதி செய்கிறது. இருவரும் பார்த்தது உண்மைதான். இருவருடைய வேலையும் முடிந்தபின் மிஞ்சுவது ஒரு அநாதைப் பதிவு. சரிபார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைக் கோடால் தனியாக அடைக்க முடியாது. ஃபாரின் கீ இருந்தால், இரவலை எழுதும்போதே தாய்ப் பதிவின் மேல் ஒரு பூட்டு விழும். நீக்க வந்தவர் காத்திருந்து, கடைசியில் மறுப்பை வாங்கிக்கொண்டு போவார்.

இரண்டாவது காரணம் எளிது. தரவுத்தளத்துக்கு உங்கள் அப்ளிகேஷன் மட்டும் வாசல் இல்லை. ராத்திரி ஓடும் கிரான் ஸ்கிரிப்ட், எக்செலிலிருந்து ஏற்றும் இம்போர்ட், நாளை வேறு யாரோ எழுதப்போகும் மொபைல் ஆப், பிஎச்பிமைஅட்மின். உங்கள் மாடலில் எழுதிய விதி இவர்கள் யாருடைய கண்ணிலும் படாது.

இரண்டாம் படி: நீக்கினால் என்ன ஆக வேண்டும்?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தாய்ப் பதிவை நீக்கும்போது சேய்ப் பதிவுகளை என்ன செய்வது என்பது தொழில்நுட்பக் கேள்வியே அல்ல. கடைக்காரரைக் கேட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.

நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு உறுப்பினருக்கு மூன்று போன் எண்கள் தனி டேபிளில் இருக்கின்றன. உறுப்பினர் போனால் எண்களுக்கு வேலையில்லை, கூடவே போகட்டும். இது ‘கேஸ்கேட்’. புத்தகத்துக்குச் ‘சிறுகதை’, ‘சமையல்’ என்று வகை இருக்கிறது. வகையை நீக்கினால் புத்தகம் போகக் கூடாது, வகை இல்லாத புத்தகமாக நிற்கட்டும். இது ‘செட் நல்’. உறுப்பினர் பெயரில் இரவல் இருந்தால்? கேஸ்கேட் போட்டீர்களோ, அவர் வீட்டில் இருக்கும் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்ற தகவலே அழிந்துபோகும். அபராதம் பணக் கணக்கு. அதை அழித்தால் கல்லாவும் கணக்கும் இடிக்கும். இந்த இரண்டுக்கும் ‘ரெஸ்ட்ரிக்ட்’, அதாவது நீக்கவே விடாதே.

எதைப் போடுவது என்று தெரியாதபோது ரெஸ்ட்ரிக்ட் போடுங்கள். தவறான ரெஸ்ட்ரிக்ட் ஒரு பிழைச் செய்தியோடு நிற்கும், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். தவறான கேஸ்கேட் சத்தமே போடாது. ஊர் நீங்கினால் கிளை, கிளை நீங்கினால் உறுப்பினர், உறுப்பினர் நீங்கினால் இரவல், அபராதம் என்று சங்கிலி எங்கே முடிகிறதென்று பார்க்காமல் கேஸ்கேட் போட்டு வைத்தால், எழுத்துப்பிழையாய்ப் பதிந்த ஒரு ஊர்ப் பெயரை நீக்கப் போய் பாதிக் கடை காலியாகும்.

இந்த முடிவை எழுதும் இடத்தில் ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்கும் ஒரு குணத்தைக் காட்டும்.

ஜாங்கோவில் ‘ஆன் டெலீட்’ என்ன என்று சொல்லாமல் ஃபாரின் கீ எழுதவே முடியாது, 2.0 முதல் கட்டாயம். நல்ல கட்டாயம். நினைவில் வைக்க வேண்டியது, வழக்கமான ‘கேஸ்கேட்’, ‘ப்ரொடெக்ட்’, ‘செட் நல்’ எல்லாவற்றையும் நடத்துவது பைத்தானில் இருக்கும் ஜாங்கோ, தரவுத்தளம் அல்ல. ஜாங்கோவில் கேஸ்கேட் எழுதிய டேபிளில் நேரடி எஸ்க்யூஎல்லால் தாய்ப் பதிவை நீக்கப் போனால், சேய்கள் கூடவே போகாது, மறுப்புதான் வரும். பாதுகாப்பான பக்கம்தான், ஆனால் தெரியாவிட்டால் குழப்பும்.

ரெயில்ஸில் இரண்டு வழி. மாடலில் ‘டிபெண்டன்ட் டிஸ்ட்ராய்’ எழுதினால் ரூபி ஒவ்வொரு சேயாக எடுத்து, நீக்கும்போது ஓட வேண்டிய அதன் கால்பேக்குகளை ஓட்டி நீக்கும், மெதுவானது. மைக்ரேஷனில் ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ எழுதினால் தரவுத்தளம் ஒரே மூச்சில் நீக்கும். கால்பேக் எதுவும் ஓடாது. உறுப்பினரின் புகைப்படத்தை டிஸ்க்கிலிருந்து நீக்கும் வேலை கால்பேக்கில் இருந்தால், பதிவு போகும், படம் கிடக்கும். லாராவெலிலும் இதே கதை: தரவுத்தளம் செய்யும் கேஸ்கேடில் எலோக்வென்ட் மாடலின் ‘டெலீட்டிங்’, ‘டெலீட்டட்’ நிகழ்வுகள் எழும்பாது. நீக்கும்போது வேறு ஏதாவது நடக்க வேண்டுமா? அப்படியானால் நீக்குவதைக் கோடில் செய்யுங்கள், தரவுத்தளத்தில் ரெஸ்ட்ரிக்ட் போட்டுக் காவல் வையுங்கள். நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இதுதான்.

இன்னொன்று. ஃபாரின் கீ ஃபீல்டு ‘நல்’லாக, அதாவது காலியாக, இருந்தால் தரவுத்தளம் சரிபார்க்காமல் விட்டுவிடும். தமிழில் படிக்க நன்றாக இருந்தாலும் இந்த ‘நல்’லில் நல்லது எதுவும் இல்லை. உறுப்பினர் இல்லாத இரவல் என்று ஒன்று இருக்கவே முடியாது என்றால் அந்த ஃபீல்டில் ‘நாட் நல்’லும் வேண்டும். ஜாங்கோவும் லாராவெலும் இயல்பாகவே அப்படித்தான் உண்டாக்கும்; ரெயில்ஸ் மைக்ரேஷனில் ‘நல்: ஃபால்ஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனில் போடுவது

புது டேபிளில் ஃபாரின் கீ போடுவது ஒரு வரி. வருடக்கணக்காக ஓடும் டேபிளில் போடுவது வீட்டில் ஆட்களை வைத்துக்கொண்டே சுவரை இடிப்பது போல. இந்த வரிசையில் போங்கள்.

அநாதைகளைத் தேடுங்கள். இரவல் டேபிளை உறுப்பினர் டேபிளோடு ‘லெஃப்ட் ஜாயின்’ செய்து, இரவலில் உறுப்பினர் எண் இருந்தும் உறுப்பினர் பக்கம் காலியாக இருக்கும் பதிவுகளை மட்டும் எடுங்கள். பூஜ்யம் வந்தால் அதிர்ஷ்டசாலி. வந்த பதிவுகளை உடனே நீக்கிவிடாதீர்கள். தனி டேபிளில் நகல் எடுத்து வைத்துவிட்டு, அவற்றை என்ன செய்வது என்று உரியவரிடம் கேளுங்கள்.

அடுத்து, இரண்டு பக்க ஃபீல்டின் வகையும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாதாரண எண், மறுபக்கம் பெரிய எண் என்றால் மைஎஸ்க்யூஎல் மறுத்துவிடும். 5.7 வரை வெறும் 150 என்ற பிழை எண்தான், காரணத்தைத் தெளிவாகச் சொல்லாது; 8.0 முதல் 3780 என்று காரணத்தோடு சொல்லும். லாராவெல் 5.8இல் புது மைக்ரேஷன்களின் முதன்மை எண் பெரிய எண்ணாக மாறியது. அதற்கு முந்தைய டேபிளையும் பிந்தைய டேபிளையும் இணைக்கப் போகிறவர்கள் இந்த மறுப்பைச் சந்திக்காமல் இருப்பது அபூர்வம். பாசிட்டிவ் எண் மட்டும் ஏற்கும் ‘அன்சைன்டு’ம் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

பிறகு ஃபாரின் கீ. போஸ்ட்கிரஸில் பெரிய டேபிள் என்றால் ஒரே அடியாகப் போடாதீர்கள். பழைய பதிவுகள் அத்தனையையும் சரிபார்த்து முடிக்கும்வரை இரண்டு டேபிளிலும் எழுதவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் ‘நாட் வேலிட்’ என்று சேர்த்துப் போடுங்கள். அந்த நொடியிலிருந்து புதிய பதிவுகளுக்கு விதி பொருந்தும், பழையவற்றைப் பார்க்காது. பிறகு ஆறுதலாக ‘வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்’ ஓட்டுங்கள். அது சரிபார்க்கும்போது எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம். ரெயில்ஸில் ‘வேலிடேட்: ஃபால்ஸ்’ என்று போட்டு இதே வேலையை இரண்டு மைக்ரேஷனாகப் பிரிக்கலாம்.

இண்டெக்ஸை மறக்காதீர்கள். சேய் ஃபீல்டில் இண்டெக்ஸ் இல்லையென்றால் மைஎஸ்க்யூஎல் தானே உண்டாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் உண்டாக்காது. லாராவெல், போஸ்ட்கிரஸ் ஜோடியில் இதை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரே ஒரு உறுப்பினரை நீக்க, இரவல் டேபிள் முழுவதையும் புரட்டிப் பார்க்கும்.

மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இம்போர்ட் சிக்கினால் ‘ஃபாரின் கீ செக்ஸ்’ஸை பூஜ்யமாக்கு என்று இணையத்தில் எல்லா மூலையிலும் அறிவுரை கிடைக்கும். ஆக்கலாம். ஆனால் மறுபடி 1 ஆக்கும்போது, இடையில் நுழைந்த தவறான பதிவுகளை அது திரும்பிப் பார்க்காது. பூட்டு இருக்கும், உள்ளே திருடனும் இருப்பான். அப்படி இம்போர்ட் செய்தால் மேலே சொன்ன லெஃப்ட் ஜாயினை இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள்.

நான்காம் படி: மறுப்பை மனிதப் பேச்சாக்குவது

ஃபாரின் கீ போட்டாயிற்று. இனி தரவுத்தளம் மறுக்கும். அந்த மறுப்பு திரையில் 500 பிழையாக வந்தால் நாம் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிட்டோம். ஜாங்கோவில் ‘ப்ரொடெக்டட் எரர்’, ‘இன்டெக்ரிட்டி எரர்’, ரெயில்ஸில் ‘இன்வேலிட் ஃபாரின் கீ’, லாராவெலில் ‘கொயரி எக்செப்ஷன்’. இவற்றைப் பிடித்து, பயனருக்குப் புரிகிறபடி, அடுத்து என்ன செய்யலாம் என்பதோடு சொல்லுங்கள்.

ஜாங்கோவும் போஸ்ட்கிரஸும் சேரும்போது ஒரு பொறி இருக்கிறது. நான் அரை நாள் தொலைத்த இடம். அங்கே ஜாங்கோ ஃபாரின் கீயை ‘டெஃபர்டு’ ஆக உண்டாக்குகிறது. தப்பான எண்ணோடு சேமிக்கும் வரியில் பிழை வராது. டிரான்சாக்‌ஷன் முடிந்து கமிட் ஆகும்போதுதான், அதாவது மொத்த வேலையும் உறுதியாகச் சேமிக்கப்படும்போதுதான், வரும். எனவே அந்த வேலையைச் சூழ்ந்திருக்கும் ‘அடாமிக்’ பிளாக்குக்கு உள்ளே, பிழை பிடிக்கும் ‘ட்ரை’ போட்டுக் காத்திருந்தால் பிழை உங்களைத் தாண்டிப் போய்விடும். ‘ட்ரை’ வெளியே, ‘அடாமிக்’ உள்ளே என்று திருப்பிப் போடுங்கள்.

ஃபாரின் கீ எட்டாத இடங்கள்

ரெயில்ஸிலும் லாராவெலிலும் ‘பாலிமார்ஃபிக்’ உறவு என்று ஒன்று உண்டு. ஒரே குறிப்பு டேபிளில் ‘வகை: புத்தகம், எண்: 7’, ‘வகை: உறுப்பினர், எண்: 7’ என்று எழுதுவது. எழுத இனிமையாக இருக்கும். ஆனால் எந்த டேபிளைச் சுட்டுகிறது என்பதே பதிவுக்குப் பதிவு மாறுவதால் ஃபாரின் கீ போடவே முடியாது. சுட்டப்படுவது இரண்டு மூன்று டேபிள்தான் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீல்டு, தனி ஃபாரின் கீ, அவற்றில் சரியாக ஒன்று மட்டுமே நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு ‘செக்’ விதி. போஸ்ட்கிரஸில் ‘நம் நான்நல்ஸ்’ ஃபங்‌ஷனால் ஒரே வரியில் எழுதலாம். பார்க்க அழகில்லை, அழகுக்காகத் தரவை இழக்க நான் தயாரில்லை.

‘சாஃப்ட் டெலீட்’டும் அப்படித்தான். பதிவு உண்மையில் நீங்குவதில்லை, நீக்கிய தேதி மட்டும் எழுதப்படுகிறது. தரவுத்தளத்தின் கண்ணுக்குத் தாய் உயிரோடிருக்கிறாள்; உங்கள் திரையில் காணோம். இதற்கு ஃபாரின் கீ துணை வராது, கோடில்தான் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் சில ஃபாரின் கீயே போடுவதில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். தரவைப் பல சர்வர்களுக்குப் பிரித்து வைப்பவர்களுக்கு அது உண்மையான சிக்கல். கிட்ஹப் வெளியிட்ட ‘கோஸ்ட்’ என்ற மைக்ரேஷன் கருவியே ஃபாரின் கீ உள்ள டேபிளைத் தொடாது. அவர்களிடம் அநாதைப் பதிவுகளைத் தேடித் திருத்த ஆளும் கருவியும் இருக்கும். நாம் ஒரே சர்வர், ஒரே தரவுத்தளம்.

நூலகத்துக்குத் திரும்புவோம். கடைக்காரர் பழைய விண்ணப்பத் தாளைத் தேடி எடுத்தார். 212ஐ மறுபடி பதிந்தேன். பிறகு ரெஸ்ட்ரிக்டோடு ஃபாரின் கீ. அப்போதுதான் உறைத்தது: புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய இரவல் பதிவு இருக்கத்தானே செய்யும்? அப்படியென்றால் ஒரு முறை புத்தகம் எடுத்த யாரையும் எந்நாளும் நீக்க முடியாது. கடைக்காரரைக் கேட்டேன். “நீக்கவே வேண்டாம், நின்னுட்டாங்கன்னு தெரிஞ்சா போதும்” என்றார். ‘விலகியவர்’ என்று ஒரு பட்டன் வைத்தேன். கையில் புத்தகம் எதுவும் நிலுவையில்லை என்றால் மட்டும் வேலை செய்யும்.

பத்து நாள் கழித்துக் கடைப் பெண்ணிடமிருந்து போன்.

“சார், ஒருத்தரை நீக்க விட மாட்டேங்குது.”

“கீழே ஏதாவது எழுதியிருக்காம்மா?”

“ரெண்டு புத்தகம் பாக்கின்னு இருக்கு சார்.”

“அதை வாங்கிட்டு விலகியவர் பட்டனை அழுத்துங்க.”

“அவர் போன் எடுக்க மாட்டேங்கிறார் சார். அதான் நீக்கிடலாம்னு பார்த்தேன்.”